எஞ்சினுக்கு முன் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வாசகர் கேள்விப் பகுதியில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி இளைஞர் ஒருவர், சுசூகி ஹயபூசா மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் இரண்டின் சிலிண்டர் தொகுதிகளையும் ஹெட்டுகளையும் ஒரே கிராங்க் ஷாஃப்டின் மேல் வி வடிவில் அமைத்து, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத் தம் வீட்டுப் பட்டறையிலேயே உருவாக்கி வருவதாகவும், அதை எந்த வண்டியில் பொருத்துவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். அடுத்து வந்த இதழ்களில் வெளியான பதில்களில் பெரும்பாலானவை பி.எம்.டபிள்யூ 325ஐஎஸ் அல்லது சிட்டி கோல்ஃப் என்று பரிந்துரைத்தன. இரண்டும் நம் தென்னாப்பிரிக்கர்களின் பிரியத்துக்குரிய வண்டிகள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த எஞ்சினுக்கு அவை இரண்டும் பொருந்தா என்பது பட்டறைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த என் உறுதியான கருத்து. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் கூடான கிராங்க் கேஸ் இன்னும் வார்க்கப்படவில்லை என்று அவர் எழுதியிருப்பதால் இதை உடனே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் எந்த வண்டி என்பது முடிவான பிறகே கிராங்க் கேஸின் வடிவம் முடிவாக வேண்டும். சட்டையைத் தைத்துவிட்டு அதற்கேற்ற உடம்பைத் தேடுவதில் பொருளில்லை.

வி எட்டு என்றதும் பெரிய எஞ்சின் கொண்ட காரை நினைப்பது நம் நாட்டில் இயல்பானதே. பாசில் கிரீன் ஃபோர்டு காப்ரியில் 302 கன அங்குல எஞ்சினை வைத்து 1970களின் தொடக்கத்தில் விற்ற பெரானா, பந்தய விதிக்காக 1973ஆம் ஆண்டையொட்டி 100 மட்டும் செய்யப்பட்ட செவர்லே ஃபிரென்சா கேன்ஆம், 1980களில் இங்கே மட்டுமே விற்பனைக்கு வந்த ஃபோர்டு சியரா எக்ஸ்ஆர்8 என்று ஒரு பெரிய மரபே நமக்கு இருக்கிறது. அந்த வண்டிகளைத் தெருவில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வி எட்டு என்பது ஒரு சத்தம், ஒரு மதிப்பு. ஆயினும் அவை மூன்றிலும் இருந்தவை ஐந்து லிட்டர் எஞ்சின்கள். குறைந்த சுற்றிலேயே வண்டியை இழுத்துச் செல்லும் முறுக்கு விசை அவற்றுக்கு உண்டு. இளைஞர் செய்வதோ அவற்றில் பாதியளவே உள்ள எஞ்சின். சிலிண்டர் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணக்கூடாது.

கணக்கைப் பார்க்கலாம். 2008ஆம் ஆண்டு வந்த ஹயபூசா எஞ்சின் 1340 சிசி; அதன் உச்ச முறுக்கு விசை சுமார் 155 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 7200 சுற்றில். இரண்டைச் சேர்த்தால் 2680 சிசி, ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத எந்த நல்ல எஞ்சினும் ஒரு லிட்டருக்கு நூற்றுப் பதினைந்து, நூற்றிருபது நியூட்டன் மீட்டருக்கு மேல் எளிதில் தராது என்பதால், மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சிறப்பு முறுக்கு விசையில் இல்லை. அந்த விசையை மிக உயர்ந்த சுற்றுவரை விடாமல் பிடித்திருப்பதிலேயே இருக்கிறது. 325ஐஎஸ் காரின் சொந்த எஞ்சினும் 2.7 லிட்டர்தான். அதை எடுத்துவிட்டு இந்த எட்டு சிலிண்டரை வைத்தால், ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் நெரிசலில் நகரும்போதும் ரோபோ என்று நாம் சொல்லும் போக்குவரத்து விளக்கில் நின்று புறப்படும்போதும் முன்பிருந்ததைவிடச் சோர்ந்த வண்டிதான் மிஞ்சும். 7000 சுற்றுக்கு மேல் ஓட்டினால் மட்டுமே மாற்றத்தின் பலன் தெரியும். ஒரு டன்னைத் தாண்டும் காரை நாள்தோறும் அப்படி ஓட்டுவது யாருக்கும் இயலாது. தவிர, இன்று அந்தக் காரைச் சேகரிப்போர் தேடி அலைகிறார்கள். அதை வெட்டிக் கெடுப்பதற்கு எனக்கு மனம் வராது.

இதே வகை எஞ்சினை முன்பு செய்தவர்கள் எதில் வைத்தார்கள் என்பதைக் கவனித்தால் விடை தெளிவாகும். இங்கிலாந்தின் ராடிக்கல் நிறுவனம் ஹயபூசா பாகங்களிலிருந்து உருவான வி எட்டு எஞ்சினைத் தன் எஸ்ஆர்8 என்னும் திறந்த பந்தய வண்டியில் வைத்தது. அதன் எஸ்ஆர்8 எல்எம் வடிவம் 2009இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை 6 நிமிடம் 48 நொடியில் முடித்தது. ஏரியல் நிறுவனம் மூன்று லிட்டர் வி எட்டு எஞ்சினுடன் 25 ஆட்டம் வண்டிகளை மட்டும் செய்தது. ஒவ்வொன்றின் எடையும் சுமார் 550 கிலோ. ஆஸ்திரேலியாவின் இயன் டிரைஸ்டேல், யமஹா 400 சிசி வண்டியின் ஹெட்டுகளைக் கொண்டு செய்த 750 சிசி வி எட்டை மீண்டும் மோட்டார் சைக்கிளிலேயே வைத்தார். இவர்களில் ஒருவரும் கதவும் கூரையும் பின்னிருக்கையும் உள்ள காரைத் தேடிப் போகவில்லை. எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும், அது தள்ள வேண்டிய எடை குறைவாக இருந்தால்தான் அந்தச் சுற்றால் வண்டிக்கு வேகம் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் வண்டியின் அமைப்பையே மாற்றிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் இங்கிலாந்தின் சர்பிட்டனில் 500 சிசி பந்தயத்துக்காக ஒரு சிறு வண்டியைக் கட்டினார்கள். ஃபியட் டோபோலினோ கார்கள் இரண்டின் முன்பகுதிகளை எடுத்து ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் இணைத்து, ஜாப் மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். அதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் காரணமில்லை. அந்த எஞ்சினின் சக்தி செயின் வழியாக வெளிவந்தது; செயின் குட்டையாக இருக்க வேண்டுமானால் எஞ்சின் பின்னச்சின் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வசதிக்காகப் பிறந்த அமைப்பே பின்னர் வளர்ந்து, 1959இல் ஜாக் பிரபாமுக்கு ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தைத் தந்தது. எஞ்சினிலிருந்து சக்தி எந்தப் பக்கமாக, எதன் வழியாக வெளிவருகிறது என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டவர்கள் அவர்கள். நம் இளைஞர் தம் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பேச வேண்டும். ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை அதன் கியர்பாக்ஸுடன் முழுதாக எடுத்து வைப்பது ஒரு நிலை. அப்போது கிளட்சும் ஆறு கியரும் கூடவே வந்துவிடுகின்றன. பெரும்பாலான ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட் இடப்பக்கத்தில் இருப்பதால், அந்தப் பக்கம் பின்னோக்கும்படி எஞ்சினைத் திருப்பி, ஸ்பிராக்கெட் இருந்த இடத்தில் பின்னச்சுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டை இணைத்தால், அது சாதாரண பின்சக்கர இயக்கக் காரில் சுழல வேண்டிய திசையிலேயே சுழலும். புகைக்குழாய்கள் வண்டியின் இடப்பக்கம் வந்துவிடுவதால், வலப்பக்கம் ஸ்டியரிங் கொண்ட நம் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் தண்டுக்கும் அவற்றுக்கும் இடையே சண்டை வராது. இந்த நிலைக்கு நிசான் 1400 பக்கியைவிட நல்ல வண்டி இந்நாட்டில் கிடைக்காது என்பேன். 1970களின் தொடக்கத்தில் டாட்சன் 1200 என்று தொடங்கி 2008 வரை ரோஸ்லின் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அந்தச் சிறு சரக்கு வண்டிக்குப் பின்சக்கர இயக்கம் உண்டு, எடை குறைவு, உதிரி பாகம் எந்த மூலையிலும் கிடைக்கும். சரக்குப் பெட்டி காலியாக இருக்கும்போது பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் வழுக்கும் என்பதும், தகட்டு வில்களின் (லீஃப் ஸ்பிரிங்) மேல் அமர்ந்த பின்னச்சு திடீர்ச் சக்தியில் துள்ளும் என்பதும் உண்மை. அச்சை நீளவாக்கில் பிடித்து நிறுத்தும் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தால் துள்ளல் பெருமளவு அடங்கும்.

எட்டு சிலிண்டர் எஞ்சின் இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. அதற்கென்று கியர்பாக்ஸ் இல்லை. கார் கியர்பாக்ஸ் ஒன்றைப் பின்னால் இணைத்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளில் கிராங்குக்கும் கிளட்சுக்கும் இடையே உள்ள ஒரு கியர் ஜோடி சுற்றைச் சுமார் 1.6 மடங்கு குறைத்த பிறகே கியர்பாக்ஸுக்கு அனுப்புகிறது. புதிதாக வார்க்கப்படும் கிராங்க் கேஸில் அந்த ஜோடி இருக்காது. இதனால் வரும் விளைவை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தில் கட்டும், கடற்கரை மணலில் ஓட்டும் பீச் பகி வண்டியை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன், ஏனென்றால் ஒரு வாசகர் அதையும் பரிந்துரைத்திருந்தார். பீட்டில் கியர்பாக்ஸ் பெட்டியின் நான்காம் கியர் விகிதம் 0.89, கடைசி விகிதம் 4.125, சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10000 சுற்றில் வண்டி மணிக்கு 327 கிலோமீட்டர் ஓட வேண்டும். கண்ணாடியிழை உடலும் தளர்ந்த பின்னச்சும் உள்ள அந்த வண்டியில் அந்த வேகத்தை யாரும் காணப்போவதில்லை. நெடுஞ்சாலை வரம்பான 120 கிலோமீட்டரில் எஞ்சின் 3670 சுற்றில் அரைத் தூக்கத்தில் இருக்கும். முதல் கியரே 77 கிலோமீட்டர் வரை நீளும். அந்த எஞ்சினுக்காகக் கடைந்த கேம்களும் வால்வுகளும் விழித்தெழும் சுற்றைச் சாலையில் முதல் இரண்டு கியர்களுக்கு அப்பால் தொடவே முடியாது.

அப்படியானால் கிராங்குக்குப் பின் ஒரு குறைப்பு ஜோடியை வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் சுற்றை 1.6ஆல் வகுக்கும் அதே ஜோடி முறுக்கு விசையை 1.6ஆல் பெருக்குகிறது. 300 நியூட்டன் மீட்டர் 480 ஆகி உள்ளே நுழைந்தால், நம் ஊர்ப் பழைய வண்டிக் கடைகளில் கிடைக்கும் சிறு கார்ப் பெட்டிகள் அதைத் தாங்கமாட்டா. தாங்கக்கூடிய பெட்டியோ கனமானது, நீளமானது, விலை மிகுந்தது. அதற்கேற்ப அச்சும் கனக்கும், அதற்கேற்ப சேஸிஸும் கனக்கும். எடை மிகுந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் குறைப்பு ஜோடி இல்லாமல் அதை நகர்த்த முடியாது, வைத்தாலோ பெட்டி உடையும் என்ற வலையில் சிக்கிக்கொள்கிறார். இலேசான வண்டியைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்த வலையே இல்லை. குறைப்பு ஜோடியை விட்டுவிட்டு, டிஃபரன்ஷியல் விகிதத்தை 4.4 அளவுக்கு எடுத்து, 1.8 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரங்களைப் போட்டு, நேர் விகிதமான நான்காம் கியரையே கடைசிக் கியராகக் கருதினால், 10000 சுற்றில் மணிக்கு 245 கிலோமீட்டரும் 120 கிலோமீட்டரில் 4900 சுற்றும் கிடைக்கும். அறுநூறு கிலோ வண்டிக்கு இது தாராளம். ஐந்தாம் கியர் இருந்தால் அதை ஜொகனஸ்பர்க் போகும் நெடும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே என் பரிந்துரை லோட்டஸ் செவன் வகைத் திறந்த வண்டி. 1957இல் கட்டுமானப் பெட்டியாகவே விற்கத் தொடங்கிய அந்த வடிவம், குழாய்ச் சட்டம், நீண்ட மூக்கு, பின்சக்கர இயக்கம், இரண்டே இருக்கை என்ற அளவில் இன்றுவரை மாறவில்லை. இதற்காக இங்கிலாந்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வடிவத்தைத் தழுவிய பர்கின் வண்டிகள் நம் டர்பனுக்கு அருகே பைன்டவுனில் கட்டப்பட்டு வெளிநாடுகளுக்கும் சென்றவை. ஃபீனிக்ஸிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் பைன்டவுனை விட்டுவிட்டு நம் இளைஞர்கள் ஜெர்மனிக் கார்களைக் கனவு காண்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பழைய சட்டம் ஒன்று கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் புதிதாகவே பற்றவைக்கலாம். எஞ்சினையே உருவாக்கத் துணிந்தவருக்குச் சதுரக் குழாய்ச் சட்டம் பெரிய வேலையல்ல. பெட்டிக்குச் சியராவின் ஐந்து கியர் பெட்டி போதுமானது. கிட் கார் கட்டுவோர் நெடுங்காலமாக அதை வெட்டியும் ஒட்டியும் பழகியிருக்கிறார்கள். அதில் ரிவர்ஸ் கியர் இருப்பது இன்னொரு நன்மை. முழு மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைப்போர் தனி ரிவர்ஸ் பெட்டிக்கோ மின்மோட்டாருக்கோ பணம் செலவழிக்க வேண்டியிருக்கும். கிராங்க் சுழலும் திசையை மட்டும் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். அது மாறிவிட்டால் ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும் உள்ள அதிசய வண்டியைத்தான் அவர் ஓட்ட வேண்டியிருக்கும்.

சிட்டி கோல்ஃபைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேகில் செய்யப்பட்ட அருமையான வண்டி. ஆனால் முன்சக்கர இயக்கம். குறுக்கே படுத்த எஞ்சினும் பக்கவாட்டுப் பெட்டியும் உள்ள அந்த இடத்தில் வி எட்டு நுழையாது. பின்னிருக்கையைக் கழற்றி அங்கே வைக்கலாம் என்பவர்கள், அதன் பிறகு கோல்ஃபில் மிஞ்சுவது கதவுகள் மட்டுமே என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

எந்த வண்டியானாலும் எண்ணெயை மறக்கக்கூடாது. மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் பலவற்றைக் காரில் வைத்துக் கெடுத்தது வேறெதுவுமில்லை, இதுதான். மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது. எஞ்சினும் சேர்ந்து சாய்வதால், எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்பில் உள்ள எண்ணெய்க்கு வளைவு தெரிவதில்லை, அது உறிஞ்சு குழாயைச் சுற்றியே நிற்கிறது. கார் சாயாது. நீண்ட வளைவில் எண்ணெய் முழுவதும் சம்பின் ஒரு சுவருக்கு ஏறிவிட, பம்பு காற்றை உறிஞ்சும். 9000 சுற்றில் ஓரிரு நொடி அப்படி நடந்தாலே கிராங்க் பேரிங்குகள் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். சம்பில் தடுப்புத் தகடுகளும் ஒருவழிக் கதவுகளும் வைப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு. தனித் தொட்டியும் உறிஞ்சு பம்பும் கொண்ட உலர் சம்பு முறையே உண்மையான தீர்வு. செவன் வகை வண்டியில் தரைக்கும் எஞ்சினுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. சாலையின் வேகத்தடைகளைத் தாண்டும்போது ஆழமான சம்பு உரசும். எனவே உலர் சம்பு அங்கே இரண்டு வகையில் உதவும். கிராங்க் கேஸ் இன்னும் வார்க்கப்படாத நிலையில், இதற்கான துளைகளையும் பம்பு இடத்தையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட முடியும். வார்த்த பிறகு சேர்ப்பது பல மடங்கு வேலை.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திராட்டில் உள்ள எஞ்சினில், காரின் பிரேக் துணைக் கருவிக்குத் தேவையான நிலையான வெற்றிடம் கிடைப்பது கடினம். கனமான காரில் இது ஆபத்தாகும். துணைக் கருவி இல்லாமலே நிற்கக்கூடிய இலேசான வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. கடற்கரையில் சரிபார்த்த எஞ்சின், 1700 மீட்டர் உயரத்தில் உள்ள ஜொகனஸ்பர்கில் நூறு மீட்டருக்கு ஒரு விழுக்காடு என்ற கணக்கில் ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும் என்பதையும் அங்குள்ள கியாலாமி பந்தயத் தடத்துக்குச் செல்லும் ஆசை இருந்தால் மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டப் பக்கத்தை யாரும் தொடாதது எனக்குக் குறையாகப் பட்டது. 1996ஆம் ஆண்டின் 93ஆம் எண் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி சாலைக்கு வர வேண்டுமானால் காவல்துறையின் சான்று, எடைமேடைச் சீட்டு, சாலைத் தகுதிச் சான்று ஆகியவை வேண்டும். சொந்தமாக வார்த்த கிராங்க் கேஸில் தொழிற்சாலை எண் எதுவும் இருக்காது என்பதால், இரண்டு ஹயபூசா எஞ்சின்களையும் வாங்கிய ரசீதுகளையும், அவற்றின் பழைய எண்கள் உள்ள உலோகப் பகுதிகளையும் அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். திருட்டு வண்டிகள் மலிந்த இந்நாட்டில், எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத எஞ்சினை எந்த அதிகாரியும் எளிதில் விடமாட்டார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி நீங்கும். போர்ட் ஷெப்ஸ்டன் அருகே டெசி தடம் இருக்கும்போது, முதல் ஆண்டை அங்கே கழிப்பது எஞ்சினுக்கும் அவருக்கும் நல்லது என்றே நினைக்கிறேன்.

அடுத்ததாக அவர் செய்ய வேண்டியது வார்ப்புப் பட்டறைக்குப் போவதன்று. இரண்டு ஹெட்டுகளையும் சிலிண்டர் தொகுதிகளையும், ஒட்டுப்பலகையில் செய்த பொய்க் கிராங்க் கேஸின் மேல் நினைத்த கோணத்தில் பூட்டி, தேர்ந்தெடுத்த சட்டத்துக்குள் இறக்கிப் பார்க்கட்டும். வலப்பக்கப் புகைக்குழாய்களுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் இடையே கை நுழைகிறதா, ஓட்டுநரின் கால் வைக்கும் இடம் குறுகுகிறதா, சம்பு முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, வியின் நடுவே நிற்கும் திராட்டில்கள் மூடியைத் தாண்டி எவ்வளவு உயர்கின்றன என்பவற்றை அளந்து எழுதிக்கொள்ளட்டும். அந்த அளவுகளைக் கொண்டு கிராங்க் கேஸின் வரைபடத்தை முடிக்கலாம். சியரா பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அளவுகள் வரைபடமாக என்னிடம் இருக்கின்றன. அந்த இளைஞருக்குத் தேவையானால் தங்கள் அலுவலகம் வழியாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.